குழந்தைக்குக் கோடிட்ட பின்னற் சட்டை: செய்முறையும் கூலிக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கமென்றால் விதைக்கும் எருவுக்கும் கடன் பெறுகிற இடம் என்று மட்டும் கருதுவோர் நம் கிராமங்களில் அநேகர். 1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் முதல் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டபொழுது கடன் சங்கங்களே அதன் நோக்கமாயிருந்தன என்பது மெய்யே. ஆனால் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்முதல், விற்பனை, கைத்தொழில் முதலிய காரியங்களுக்கும் சங்கங்கள் அமைக்க இடங்கொடுத்தது. ஆகவே வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்யும் கைவேலையும் சங்கத்தார் கவனிக்கவேண்டிய விஷயமேயாகும்.

அத்தகைய வேலைகளில் ஒன்று குரோஷாப் பின்னல். தாராபுரம் தாலுகாக் கிராமங்களில் மேஜை விரிப்பும் வாசல் தோரணமும் இவ்விதம் பின்னுகிற பெண்கள் உண்டு. அதே கைப்பழக்கத்தைக் கொண்டு, கைக்குழந்தைக்குக் கோடிட்ட ஸ்வெட்டர் ஒன்று செய்யும் முறையை இங்கே விவரிப்போம். செய்முறையோடு, அதற்குச் செல்லும் வேலையின் மதிப்பை அறியும் வழியையும் கூறுவோம். முன்னது தெரிந்து பின்னது தெரியாமற்போனால் வேலை நமக்கும் லாபம் பிறருக்குமாக முடியும்.

பருத்திச் சட்டையின் அவசியம்

நமது பக்கம் வெயில் மிகுந்த பூமியாயினும், மார்கழி, தை மாதங்களில் அமராவதிக் கரையில் விடியற்காலக் குளிர் பெரியவர்களையே நடுங்கச் செய்வதுண்டு. பிறந்த சிசுவின் உடல் சிறியது. எடையை நோக்க அதன் தோற்பரப்பு அதிகம். ஆகையால் உஷ்ணம் விரைவில் வெளியேறிவிடும். சிசுவின் உடலுஷ்ணம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. பிறந்த குழந்தைக்கு முதல் உஷ்ணம் தாயின் மார்போடு மார்பாக அணைப்பதேயாகும்; எச்சட்டையும் அதற்கு ஈடாகாது. அதன் பிறகு காலையிலும் மாலையிலும் அணிவிக்க ஒரு சட்டை வேண்டும்.

மலைப் பிரதேசத்துக் கம்பளிச் சட்டை நமக்கு ஏற்றதன்று. அது உடம்பில் அரிப்பை உண்டாக்கும். வெயில் ஏறியதும் வியர்க்கச் செய்யும். பருத்தி நூற் சட்டையோ வியர்வையை உறிஞ்சும்; அடிக்கடி துவைக்கவும் தாங்கும். எனினும் வெயில் ஏறியவுடன் அதைக் கழற்றிவிடவேண்டும். குழந்தையின் கைகால்களைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாகாது; அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தேயிருக்கும். பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்த்து, அங்கே வியர்த்திருந்தால் சட்டை வேண்டுவதில்லை என்று அறிக.

இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலில் வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை பிரிந்தோடும். குரோஷாவில் ஊசி ஒன்றே; அதில் நிற்கும் கண்ணியும் ஒன்றே. அடுப்பில் உலை பொங்கினாலும், தொட்டிலில் குழந்தை அழுதாலும், அக்கண்ணியைச் சிறிது நீட்டிவிட்டு எழுந்து போகலாம். திரும்பிவந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். குழந்தை வளர்ந்தபின் சட்டையைப் பிரித்து, நூலை நனைத்து உலர்த்தி, மறுபடியும் உபயோகிக்கலாம். சிக்கனத்தை விரும்பும் குடும்பத்துக்கு இதுவும் ஒரு லாபம்.

நூலும் ஊசியும்

நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை நிற்குமென்பதைக் குறிக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். திருப்பூர்ப் பனியனுக்குச் செல்லும் நூல் பெரும்பாலும் 20 முதல் 40 நம்பர் வரையிலானது. கைப்பின்னலுக்கு அது மிகவும் மெல்லியது. நமக்கு வேண்டுவது ஏறத்தாழ 2-ஆம் நம்பர்க் கனம். 10-ஆம் நம்பர் நூலை ஐந்திழை சேர்த்தாலும், 6-ஆம் நம்பரை மூன்றிழை சேர்த்தாலும் அக்கனம் வரும். முறுக்கேற்றிய நாலிழைப் பருத்திப் பின்னல் நூல் கடைகளில் கிடைத்தால் அதுவே எளிது.

பனியன் வெட்டுத் துணிக் கழிவை அரைத்து மீண்டும் நூற்ற வண்ண நூல் மலிவாகக் கிடைக்கிறது. கை பழகுவதற்கும், மிதியடி விரிப்புக்கும் அது போதும். அதன் இழை குறுகியது, தொடுவதற்கும் சொரசொரப்பானது, ஆதலால் கைக்குழந்தையின் மேனிக்கு ஆகாது. சாயம் போகாத நூலா என்பதையும் சோதிக்கவேண்டும். நூலைச் சோப்பு நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கிடையில் வைத்து அழுத்தினால், துணியில் நிறம் ஒட்டலாகாது. நிறம் ஒட்டும் நூலைக் குழந்தை வாயிலிட்டுச் சப்பும் சட்டைக்கு உபயோகிக்கக் கூடாது.

வேண்டிய சாமான்கள்: இரண்டு நிறங்களில் நூல், நிறத்துக்கு 75 கிராம் வீதம், 3½ மில்லிமீட்டர் கொக்கி ஊசி ஒன்று, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி ஒன்று, அரை அங்குல அகலமுள்ள பருத்தி நாடா அரைக் கஜம், அங்குல நாடா. ஊசிகளுக்குப் பழைய நம்பர்கள் ஊருக்கொரு விதமாதலால், மில்லிமீட்டர் அளவைப் பார்த்தே வாங்குக.

கற்கவேண்டிய கண்ணிகள்

சங்கிலி: நூல் நுனியில் சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுக. நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றி, அச்சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலியாகும்.

நடுக்கண்ணி: நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றிக்கொண்டு, கீழ்வரிசைக் கண்ணியினுள் ஊசியை நுழைத்து நூலை இழுத்து எடுத்தால், ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி, மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். இதனை இங்கிலாந்துப் புத்தகங்களில் ஹாப் டிரெபிள் என்றும், அமெரிக்கப் புத்தகங்களில் ஹாப் டபிள் குரோஷே என்றும் எழுதுவர். ஒரே கண்ணிக்கு இரு நாட்டிலும் இருவேறு பெயர் வழங்குவதால், அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னுவோர் அது எந்நாட்டு முறையென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சிறுகண்ணி: முதற் சுற்று இன்றி ஊசியை நுழைத்து நூலை எடுத்து, ஊசியிலுள்ள இரண்டு வளையங்களின் வழியாகவும் இழுப்பது. இது விளிம்புக்கு மட்டும் வேண்டும்.

முதலில் மாதிரித் துண்டு ஒன்று போட்டுப் பார்க்கவேண்டும். 22 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் முதல் நடுக்கண்ணியைப் போட்டால் வரிசைக்கு 20 கண்ணி வரும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் துண்டைத் திருப்பி, 2 சங்கிலி போட்டு, அடுத்த வரிசையைத் தொடங்குக. இந்த 2 சங்கிலி கண்ணிக் கணக்கில் சேராது. 16 வரிசை முடிந்ததும் துண்டு 4 அங்குலச் சதுரமாக இருக்கவேண்டும். சிறுத்திருந்தால் பெரிய ஊசியும், பெருத்திருந்தால் சிறிய ஊசியும் எடுத்துக்கொள்க. இம்மாதிரியைச் சோம்பி விட்டுவிட்டால் பின்னர்ச் சட்டை முழுவதையும் பிரிக்க நேரிடும்.

செய்முறை

இவ்வளவு மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்குரியது. முடிந்த சட்டையின் மார்புச் சுற்றளவு 20 அங்குலம். நீளம் 10 அங்குலம். இரு நிறங்களையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றிமாற்றிப் பின்ன வேண்டும். இரண்டு வரிசை என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வரிசை போய், மறு வரிசை திரும்பி, தொடங்கிய ஓரத்துக்கே நூல் வந்து சேரும். ஆகையால் நூலை அறுக்காமல் ஓரத்திலேயே தொங்கவிட்டு, அடுத்த முறை மேலே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று அல்லது மூன்று வரிசைக் கோடாகப் போட்டால் நூல் எதிர் ஓரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் அறுத்து முடிச்சிட வேண்டிவரும். நிறம் மாற்றும்பொழுது, இரண்டாம் வரிசையின் கடைசிக் கண்ணியில் மூன்று வளையங்கள் நிற்கையில், இறுதி இழுப்பைப் புது நிறத்தால் இழுக்கவேண்டும். ஓரத்தில் ஏறும் நூலை இறுக்கலாகாது. இறுக்கினால் சட்டை ஒருபுறமாக ஒதுங்கும்.

முதுகு: 52 சங்கிலி போட்டு, வரிசைக்கு 50 நடுக்கண்ணியாக 40 வரிசை பின்னுக. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 50 எண்ணிப் பார்க்கவேண்டும். ஓரக் கண்ணியை விட்டுவிடுவதே புதிதாகக் கற்பவர்களின் வழக்கமான தவறு.

முன்பாகம் இரண்டு: 27 சங்கிலி போட்டு, வரிசைக்கு 25 கண்ணியாக 32 வரிசை பின்னுக. 33-ஆம் வரிசையில் 16 கண்ணி மட்டும் போட்டு, மீதி 9 கண்ணியைக் கழுத்துக்காக விட்டுத் திருப்புக. அந்த 16 கண்ணியிலேயே மொத்தம் 8 வரிசை பின்னினால் தோள்வரை முடிந்தது. இரண்டு துண்டுகளையும் ஒரே மாதிரியாகச் செய்து, ஒன்றைப் புரட்டி வைத்தால் வலமும் இடமுமாகிவிடும். இப்பின்னலுக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒன்றேயாதலால் வேற்றுமை தெரியாது. நூல் ஏறிய ஓரம் அக்குட் பக்கம் அமைவதால் தையலில் மறைந்துவிடும்.

கை இரண்டு: 32 சங்கிலி போட்டு, 30 கண்ணியோடு தொடங்குக. 4, 8, 12, 16, 20 ஆகிய வரிசைகளில் முதற் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால், 20-ஆம் வரிசையில் 40 கண்ணியாகும். பின்னர் நான்கு வரிசை மாற்றமின்றிப் பின்னி, 24-ஆம் வரிசையில் நிறுத்துக.

சேர்ப்பது: இரு தோள்களையும் முதலில் தைக்கவேண்டும். கையின் அகன்ற பக்கத்தின் நடுவைத் தோட்டையலோடு பொருத்தி, முன்னும் பின்னும் 4 அங்குலம் வரை தைத்து, பிறகு கையின் அடிப்பக்கத்தையும் விலாப்பக்கத்தையும் ஒரே தொடராகத் தைக்கலாம். முடிவில் அடி விளிம்பு, முன் திறப்பு, கழுத்து ஆகியவற்றைச் சுற்றி ஒரு வரிசை சிறுகண்ணி போடுக. மூலைகளில் ஒரே இடத்தில் மூன்று கண்ணி போட்டால் விளிம்பு சுருளாது. மணிக்கட்டுக்கும் ஒரு சுற்றுப் போடலாம்.

குழந்தைக்குத் தீங்கு நேராமல்

பொத்தான் வேண்டாம், அறுந்து விழுந்தால் குழந்தை விழுங்கிவிடும். கழுத்தில் கயிறும் வேண்டாம். எங்கேனும் மாட்டி இழுத்துக் கழுத்தை இறுக்கிய விபத்துக்கள் நேர்ந்தமையால், அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளின் மேற்சட்டைக் கழுத்துக் கயிற்றுக்கு எதிராக எச்சரிக்கை விதிகள் வெளியிடப்பட்டன. மார்புக்கு நேராக ஒரு ஜோடியும், அதற்கு மூன்றங்குலம் கீழே ஒரு ஜோடியுமாக, நாலரை அங்குல நீளமுள்ள நாடாத் துண்டுகளை உறுதியாகத் தைத்து, ஜப்லாவுக்குக் கட்டுவதுபோல் கட்டிவிடலாம்.

பெரிய துளைகளுள்ள பூப்பின்னலையும் இச்சட்டைக்குத் தவிர்க்க. சிறு விரல் துளையில் மாட்டிக்கொள்ளும். சட்டைக்குள் தொங்கும் நூல் நுனி விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரலுக்கே சேதம் நேரும். ஆகையால் நூல் நுனிகள் ஒவ்வொன்றையும் இரண்டங்குல தூரம் கண்ணிகளுக்குள் கோத்து மறைத்தபின்பே வெட்டவேண்டும். அணிவிக்குமுன் சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாகக் கொள்க.

கண்ணிக் கணக்கு

வீட்டுக் குழந்தைக்காகச் செய்வதற்கு இதுவரை கூறியது போதும். விற்பனைக்காகச் செய்ய நினைப்போர் மேற்கொண்டு வாசிக்கவேண்டும்.

ஒரு சட்டையில் எத்தனை கண்ணிகள்?

முதுகு: 50 × 40 = 2,000
முன்பாகம் இரண்டு: 928 வீதம் 1,856
கை இரண்டு: 850 வீதம் 1,700
ஆக மொத்தம்: 5,556

கை பழகியவர் நிமிடத்துக்கு 12 கண்ணி போடுவதாகக் கொண்டால், பின்னலுக்கு மட்டும் 7 மணி 43 நிமிடம். சேர்த்துத் தைக்கவும், விளிம்பு கட்டவும், நுனி மறைக்கவும் ஏறத்தாழ இரண்டேகால் மணி. ஆகப் பத்து மணி நேர வேலை. புதிதாகக் கற்பவருக்கு இதைப்போல் இரு மடங்கு செல்லக்கூடும்.

இந்தப் பத்து மணிக்குக் கூலி என்ன? கிராமத்தில் யாவரும் அறிந்த அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ஆம் ஆண்டுக்குரிய கூலி நாளொன்றுக்கு ரூ. 336 என்று அறிவிக்கப்பட்டது. எட்டு மணி வேலையென்று வைத்தால் மணிக்கு ரூ. 42, பத்து மணிக்கு ரூ. 420. கண்ணியால் வகுத்தால், ஆயிரம் கண்ணிக்கு ஏறத்தாழ ரூ. 76 ஆகிறது. நூலுக்கு ரூ. 150 என்றும், நாடா, துவைப்பு, உறை ஆகியவற்றுக்கு ரூ. 20 என்றும் உதாரணமாக வைத்துக்கொண்டால், அடக்கம் ரூ. 590. சங்கச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ரூ. 649.

இந்த விலையைக் கண்டு சிலர் மலைப்பர். 1920-களில் வேரூன்றிய திருப்பூர்ப் பனியன் தொழில் இன்று யந்திரத்தால் குழந்தைச் சட்டைகளை மலிவாகக் குவிக்கும்பொழுது, இதை யார் வாங்குவர் என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. யந்திரச் சட்டையோடு விலையில் போட்டியிட முயல்வது வீண். ஆனால் மில் யந்திரங்கள் செய்வது வேறுவகைப் பின்னல். கையால் செய்யும் குரோஷாவை அப்படியே செய்யும் யந்திரம் தொழிலில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகையால் கடையில் குரோஷாச் சட்டை எவ்வளவு மலிவாக விற்றாலும், அதன் பின்னே ஒருவருடைய கைகள் இருந்தே தீரும்; மலிவு அக்கைகளின் கூலியிலிருந்தே வந்திருக்கும். கையால் செய்ததை விரும்பி வாங்குவோருக்கு மட்டும், சீமந்தம், பெயர் சூட்டல் முதலிய சுபகாரியங்களுக்குப் பரிசுப் பொருளாக, முன்னதாக ஆர்டர் பெற்றுச் செய்வதே தகுதியான வழி.

நூலைக் கொடுத்து, சட்டை ஒன்றுக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்று ஒரு தரகர் வந்தால் என்ன செய்வது? கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்குப் பத்து ரூபாய். "சும்மா இருக்கும் நேரத்தில் கிடைக்கிற காசுதானே" என்ற வார்த்தையால் பெண்கள் இதற்கு இணங்கிவிடுகின்றனர். பால் கறந்து, சமைத்து, காட்டு வேலைக்கும் போய் வருகிற பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்றில்லை. உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் எடுத்த நேரமே அது.

நரசாபுரத்தின் பாடம்

இது வெறும் அச்சமன்று. அயர்லாந்தில் 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், கன்னிமாடங்களிலும் குடிசைகளிலும் குரோஷா லேஸ் பின்னி விற்று அநேகக் குடும்பங்கள் உயிர் தப்பின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக இக்கலை ஆந்திர தேசத்துக் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாபுரம் பக்கம் பரவியது. அப்பிரதேசம் அக்காலத்தில் நம்மோடு சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. அங்கே வியாபாரிகள் தரகர் மூலமாக வீடுதோறும் நூல் கொடுத்து, பின்னிய லேஸை வாங்கி, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து செழித்தனர்.

மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அப்பெண்களிடையே ஆராய்ந்து 1982-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் தினந்தோறும் பல மணி நேரம் பின்னியும், அவர்களுக்குக் கிடைத்தது விவசாயக் கூலியினும் மிகக் குறைவே என்று அவர் கண்டார். காரணம், அவர்களைத் தொழிலாளிகளென்று எவரும் எண்ணவில்லை; வீட்டிலிருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வதாகவே வியாபாரிகளும், வீட்டாரும், அப்பெண்களுமே எண்ணினர். எண்ணப்படாத நேரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை. நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சரக்கின் பெயருக்கு அதனால் காப்பு உண்டாயிற்று. கூலிக்குக் காப்பு கணக்கினாலும் கூட்டினாலுமே உண்டாகவேண்டும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

முதலாவது, இவ்வேலையை மேற்கொள்ளச் சங்கத்தின் துணைவிதிகளில் இடமிருக்கிறதாவென்று பார்க்கவேண்டும். இல்லையாயின் துணைவிதியைத் திருத்தலாம். அல்லது ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவைக் கொண்டு நடத்தலாம்.

இரண்டாவது, நூலை மொத்தமாக வாங்கவேண்டும். இருபது சட்டைகளுக்கு 3 கிலோ நூல் போதும். ஒரே சாயத் தொட்டியில் தோய்ந்த நூலாக ஒருமுறையில் வாங்கினால் நிற வேற்றுமையும் நேராது. எடை போட்டுக் கொடுத்து, சட்டையோடு மீதி நூலையும் எடை போட்டு வாங்கினால் வீண் சந்தேகங்களுக்கு இடமிராது.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் சிறு கணக்குப் புத்தகம் கொடுத்து, உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதச் சொல்லவேண்டும். ஐந்து சட்டைகள் முடிந்தபின் சராசரியைக் கண்டு, கூலி விகிதத்தை மகாசபையில் நிர்ணயிக்கலாம். மேலே நாம் காட்டிய பத்து மணி ஒரு மாதிரிக் கணக்கே. உங்கள் ஊர்ப் பெண்களின் கைகள் காட்டும் கணக்கே உறுதியானது.

நான்காவது, எந்த வியாபாரியிடமும் தனித்தனியே விலை பேசலாகாது. தனியே பேசினால், அடுத்த வீட்டுப் பெண் குறைத்துச் செய்கிறாள் என்று சொல்லியே ஒவ்வொருவருடைய கூலியையும் குறைப்பர். மாதிரிச் சட்டையையும் கண்ணிக் கணக்கையும் முன்வைத்து, சங்கத்தின் காரியதரிசியும் இரண்டு பெண் அங்கத்தினரும் சேர்ந்து பேசவேண்டும். கணக்குக்கு இசையாத விலையானால் மறுத்துவிடலாம். நூல் நம்முடையதாதலால் நஷ்டமில்லை.

ஐந்தாவது, ஆர்டர் இல்லாமல் சட்டைகளைப் பின்னி அடுக்கலாகாது. முதல் ஆண்டில் நம் ஊரில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஆளுக்கொன்று பின்னினாலே கைகள் பழகிவிடும், மாதிரிகளும் சேரும். வரும் ஐப்பசிக்குள் நூல் வாங்கித் தொடங்கினால், மார்கழிக் குளிருக்கு முன் சட்டைகள் தயாராகும். கற்பிக்கத் தெரிந்த பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இருவர் மூவரேனும் இருப்பர். அவர்களைக் கண்டறிந்து, கற்பிக்கும் நேரத்துக்கும் கூலியிட்டு, அதையும் கணக்குப் புத்தகத்தில் சேர்த்து எழுதும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.